கருப்பு-வெள்ளை இங்க்ஜெட் அச்சில் நேரியலாக்கம்

நேரியலாக்கம் என்பது, கணினிக் கோப்பில் உள்ள சாம்பல் அளவுகள் சீரான இடைவெளியில் கூடும்போது, தாளில் அச்சாகும் சாம்பல் அளவுகளும் அதே சீரில் கூடுமாறு அச்சுப்பொறியின் மை அளவைத் திருத்தும் முறையாகும். கருப்பு-வெள்ளை ஒளிப்படங்களை இங்க்ஜெட் அச்சுப்பொறியில் தரமாக அச்சிடுவதற்கு இதுவே அடிப்படை. நிறப்படத்தில் ஒளி அளவில் ஏற்படும் சிறு பிழையை நிறங்கள் ஓரளவு மறைத்துவிடும். கருப்பு-வெள்ளைப் படத்தில் ஒளியும் நிழலும் மட்டுமே இருப்பதால், பிழை உடனே கண்ணில் படும்.

பின்னணி

ஒளிப்பட அச்சில் இங்க்ஜெட் முறை 1990களின் தொடக்கத்தில் நுழைந்தது. பாடகரும் ஒளிப்படக் கலைஞருமான கிரஹாம் நாஷ், மேக் ஹோல்பர்ட்டுடன் இணைந்து கலிபோர்னியாவில் தொடங்கிய நாஷ் எடிஷன்ஸ் அச்சகம், ஐரிஸ் 3047 என்னும் பெரிய அச்சுப்பொறியைக் கொண்டு கலைத்தரமான அச்சுகளை வெளியிட்டது. வெர்மான்டைச் சேர்ந்த ஜான் கோன், சாம்பல் மைகளை மட்டுமே பயன்படுத்தும் பீசோகிராஃபி முறையை உருவாக்கினார். ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் என்னும் மென்பொருள், ஒவ்வொரு மையின் அளவையும் பயனரே கட்டுப்படுத்த வழிசெய்தது. எப்சன் நிறுவனம் 2005இல் மூன்று அடர்த்திகளில் கருப்பு மை கொண்ட அல்ட்ராகுரோம் கே3 வரிசையை வெளியிட்ட பின், வீட்டு மேசையில் வைக்கும் அச்சுப்பொறியிலும் நல்ல கருப்பு-வெள்ளை அச்சு எடுக்க முடிந்தது.

சாம்பல் நிறம் எவ்வாறு உருவாகிறது

அச்சுப்பொறி கருப்பு மையைத் தண்ணீர்விட்டுக் கலக்கிச் சாம்பலாக்குவதில்லை. வெள்ளைத் தாளில் நுண்ணிய துளிகளைத் தெளிக்கிறது. துளிகள் நெருக்கமாக விழுந்தால் இருட்டு, விலகி விழுந்தால் வெளிச்சம். வெளிச்சமான பகுதியில் அடர் கருப்புத் துளிகள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும் என்பதால், அங்கு இளங்கருப்பு மையும், அதனினும் இளைய கருப்பு மையும் பயன்படுகின்றன. நிழல் பகுதிக்குச் செல்லச் செல்ல அடர் மை பொறுப்பேற்கிறது. ஒரு மையிலிருந்து மற்றொரு மைக்கு மாறும் இடம் சரியாக இணையாவிட்டால், வானம் போன்ற மென்மையான பரப்பில் பட்டைகள் தோன்றும்.

சயான், மெஜந்தா, மஞ்சள் மைகளைக் கலந்தும் சாம்பல் நிறம் பெறலாம். ஆனால் அவ்வாறு பெற்ற சாம்பல், பகல் ஒளியில் ஒரு சாயலும் மின்விளக்கு ஒளியில் வேறொரு சாயலும் காட்டக்கூடும். கரிம நிறமி கொண்ட கருப்பு மைகளில் இந்தக் குறை குறைவு. ஒளியில் மங்காமல் நீடிக்கும் தன்மையும் கூடுதல். ஆகவே பல முறைகளில் கருப்பு மைகளே பெரும்பங்கு வகிக்க, நிற மைகள் சாயலைச் சற்றுத் திருத்த மட்டும் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன.

அச்சு ஏன் இருண்டு விடுகிறது

கோப்பில் 50 விழுக்காடு கருப்பு என்றிருந்தால், தாளின் பாதிப் பரப்பை மை மூடும் என எதிர்பார்க்கலாம். நடப்பது வேறு. துளி தாளில் பட்டதும் பரவி, தன் அளவைவிடப் பெரிதாகிறது. மேலும், துளிகளுக்கு இடையே தாளுக்குள் நுழையும் ஒளியில் ஒரு பகுதி உள்ளே சிதறி, துளிகளின் அடியில் சிக்கிக்கொள்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து புள்ளிப் பெருக்கம் எனப்படும். இதனால் இடைநிலைச் சாம்பல்கள் எதிர்பார்த்ததைவிட இருண்டு, நிழல் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தாள் மாறினால் பெருக்கத்தின் அளவும் மாறும். அதனால் ஒவ்வொரு தாள், மை, அச்சுப்பொறிச் சேர்க்கைக்கும் நேரியலாக்கம் தனித்தனியே செய்யப்படுகிறது.

செய்முறை

1. மை வரம்பு காணல்: ஓர் அளவுக்கு மேல் மை ஊற்றினாலும் தாள் மேலும் கருப்பாவதில்லை, மை கசியவும் தொடங்கும். அதிகக் கருப்பு கிடைக்கும் அந்த எல்லை முதலில் கண்டறியப்படுகிறது.
2. சோதனைப் படிக்கட்டு அச்சிடல்: 0 முதல் 100 விழுக்காடு வரை 5 விழுக்காடு இடைவெளியில் 21 சாம்பல் கட்டங்கள் எவ்விதத் திருத்தமுமின்றி அச்சிடப்படுகின்றன.
3. உலரவிடல்: ஈரம் காயும்போது கருமை மாறுவதால், சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை காத்திருப்பது வழக்கம்.
4. அளத்தல்: நிறமாலை ஒளிமானி கொண்டு ஒவ்வொரு கட்டத்தின் ஒளிர்மையும் அளக்கப்படுகிறது. 1976இல் வகுக்கப்பட்ட எல்* அளவுகோலில் 0 முழுக்கருப்பு, 100 முழுவெண்மை. இது கண் உணரும் வேறுபாட்டுக்கு நெருக்கமானது.
5. எதிர்வளைவு அமைத்தல்: அளந்த வளைவைத் தலைகீழாக்கி, விரும்பிய ஒளிர்மையைத் தரும் மை அளவு ஒவ்வொரு படிக்கும் கணக்கிடப்படுகிறது.
6. சரிபார்த்தல்: புதிய வளைவுடன் படிக்கட்டு மீண்டும் அச்சிட்டு அளக்கப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு மேட் தாளின் வெண்மை எல்* 96, அதில் கிடைக்கும் அதிகக் கருப்பு எல்* 16 எனக் கொள்வோம். இடையே உள்ள வீச்சு 80. எனவே 50 விழுக்காட்டுக் கட்டம் எல்* 56 ஆகவும், 80 விழுக்காட்டுக் கட்டம் எல்* 32 ஆகவும் இருக்கவேண்டும். அளந்தபோது முறையே 44, 22 எனக் கிடைக்கிறது. எல்* 56 உண்மையில் 35 விழுக்காட்டுக் கட்டத்திலும், எல்* 32 உண்மையில் 65 விழுக்காட்டுக் கட்டத்திலும் கிடைத்திருந்தால், கோப்பில் 50 வரும் இடத்தில் 35க்கான மையையும், 80 வரும் இடத்தில் 65க்கான மையையும் தருமாறு வளைவு அமைக்கப்படும்.

இதன் பயன் நிழலில் தெரியும். திருத்தத்துக்கு முன் 80 முதல் 100 விழுக்காடு வரையுள்ள பகுதிக்கு 6 அலகு வேறுபாடே இருந்தது. திருத்தத்துக்குப் பின் 16 அலகு. கருங்கூந்தலும் அதன் பின்னுள்ள இருண்ட சுவரும் ஒரே கறையாகத் தெரிவதற்கும், தனித்தனியே தெரிவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நிற மேலாண்மையுடன் தொடர்பு

நேரியலாக்கமும் நிற மேலாண்மையும் ஒன்றல்ல. முன்னது அச்சுப்பொறியை ஒழுங்குபடுத்துகிறது. பின்னது திரை, கோப்பு, அச்சு ஆகியவற்றுக்கு இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கிறது. அதற்கான ஐசிசி விவரக்கோப்பு எப்போதும் நேரியலாக்கத்துக்குப் பின்னரே உருவாக்கப்படவேண்டும். அடித்தளம் மாறினால் அதன்மேல் எழுப்பிய விவரக்கோப்பு பயனற்றதாகும்.

சோதனைப் படிக்கட்டை அச்சிடும்போது நிற மேலாண்மை முற்றிலும் நிறுத்தப்பட்டிருக்கவேண்டும். இல்லையெனில் அளக்கப்படுவது அச்சுப்பொறியின் இயல்பு அன்று. ஏற்கெனவே திருத்தப்பட்ட ஒன்று. அதேபோல், படத்தை அச்சிடும்போது மென்பொருளும் அச்சு இயக்கியும் இருமுறை திருத்தினால் அச்சு வெளிறியோ இருண்டோ போகும்.

வரம்புகள்

நேரியலாக்கம் தாளின் இயல்பைக் கூட்டாது. எல்* 16 தரும் மேட் தாளின் ஒளியடர்த்தி ஏறத்தாழ 1.7 மட்டுமே, பளபளப்புத் தாள்களில் இது 2ஐத் தாண்டும். இருக்கும் வீச்சைச் சமமாகப் பங்கிடுவதே நேரியலாக்கத்தின் பணி. வளைவில் பெரிய திருத்தம் தேவைப்பட்டால், 256 படிகள் மட்டுமே கொண்ட 8 பிட் கோப்பில் பட்டைகள் தோன்றலாம். 16 பிட் கோப்பு இதைத் தவிர்க்க உதவும். மையின் தொகுதி, தாளின் தொகுதி, அறையின் ஈரப்பதம் ஆகியவை மாறும்போது அளவும் மாறுவதால், படிக்கட்டை அவ்வப்போது மீண்டும் அச்சிட்டு ஒப்பிடுவது நல்லது. இவ்வாறு செய்தால், இன்று எடுத்த அச்சும் ஓராண்டு கழித்து அதே கோப்பிலிருந்து எடுக்கும் அச்சும் ஒத்திருக்கும்.