பளபளப்பின் பின்னே ஒரு நச்சுப் பனி

மிதிவண்டியின் பளபளக்கும் கைப்பிடியை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் எஃகின் மேல் நிக்கல், அதன் மேல் குரோமியம் என முலாம் பூசியிருப்பார்கள். அந்தக் குரோமியப் படலம் தலைமயிரின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இராது.

இதைப் பூசும் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம் கரைந்திருக்கும். மின்சாரம் செலுத்தியதும் எதிர்மின்வாயில் தொங்கும் பொருளின் மீது குரோமியம் படிகிறது. ஆனால் மின்சாரத்தில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்குதான் இதற்குப் பயன்படுகிறது. மீதியில் பெரும்பகுதி நீரைப் பிரித்து வாயுக் குமிழிகளை எழுப்பி வீணாகிறது. சோடாவைக் குவளையில் ஊற்றி முகத்தருகே கொண்டு போனால் நுண்துளிகள் தெறிக்குமல்லவா? இங்கே தெறிப்பது அமிலம். அது பனிபோல் மிதந்து, அருகில் நிற்பவரின் மூச்சில் கலக்கிறது.

முதலில் அடிபடுவது மூக்கு. இரு நாசிகளையும் பிரிக்கும் குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்தக் குழாய்கள் இல்லை. மேலே போர்த்திய சவ்வுதான் அதற்கு உணவூட்டுகிறது. அமிலம் சவ்வை அரித்துவிட்டால் குருத்தெலும்பும் அழிந்து துளை விழுகிறது. விந்தை என்னவென்றால், பெரும்பாலும் வலி இராது. மருத்துவர் விளக்கடித்துச் சொல்லும்வரை தம் மூக்கில் துளை இருப்பதையே அறியாதவர்கள் உண்டு.

1928இல் அமெரிக்காவில் புளூம்ஃபீல்டும் புளமும் முலாம் பட்டறைகளை ஆராய்ந்தனர். ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் குரோமிக் அமிலம் இருந்தால் மூக்குக்குக் கேடு என்றனர். பின்னாளில் அதே அளவு அந்நாட்டின் சட்ட வரம்பாயிற்று. மூக்குக்காக வகுத்த வரம்பு நுரையீரலைக் காக்குமா? காக்காது. இந்த அமிலத்தில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். உயிரணு இதைச் சல்பேட் என ஏமாந்து உள்ளே விடுகிறது. உள்ளே இது மூன்று இணைதிறன் வடிவாக மாறும்போது டி.என்.ஏ. சிதைகிறது. நுரையீரல் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். 1990இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்தியது. 2006இல் அமெரிக்கா புதிய வரம்பு விதித்தது: எட்டு மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் குரோமியம். பழைய வரம்பைக் குரோமியமாகக் கணக்கிட்டால் 52!

தொட்டிக்கு மேலே புகைக்கூண்டு வைத்தால் போதாதா என்பீர்கள். அது பனியைக் குனிந்து நிற்பவரின் முகத்தின் வழியாக அல்லவா மேலே இழுக்கும்! தொட்டியின் விளிம்பிலேயே காற்றை உறிஞ்ச வேண்டும். கைப்பிடி போன்ற அலங்கார முலாமுக்கு மூன்று இணைதிறன் குரோமியக் கரைசலே போதும்; நிறம்தான் சற்று வேறுபடும். இயந்திரத் தண்டுகளுக்கான தடித்த முலாமுக்கோ இன்னும் பெரும்பாலும் பழைய தொட்டிதான்.