சம்பளப் பட்டியலில் இல்லாத பாஸ்டரம்மா

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை ஒன்பது மணிக்கு என்றால், பாஸ்டரம்மாவுக்கு அது ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறது. கணவரின் வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட வேண்டும். திருச்சபை நாட்காட்டியில் அந்த வாரத்து நிறம் பச்சையா ஊதாவா என்று பார்த்து, தோளில் போடும் பட்டையை எடுத்து வைக்க வேண்டும். பீடத்துக்குப் பூ வைக்க ஒப்புக்கொண்டவருக்கு முட்டிவலி என்று புலனத்தில் செய்தி வந்திருக்கும். அதையும் அவரே கவனிக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் வாசலில் ஒருவர் வந்து நிற்பார். "பாஸ்டர் இருக்காரா?" பிரசங்கத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால், "பரவாயில்லைம்மா, உங்ககிட்டயே சொல்லிடுறேன்" என்று உட்கார்ந்துவிடுவார்.

இதைச் சொன்னவர் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தமிழ் லுத்தரன் சபையின் போதகருடைய மனைவி. திருமணமாகி 28 ஆண்டுகள். ஐந்து சபைகள், ஐந்து வீடுகள். பெயர் வேண்டாம் என்றார். "பேரு போட்டா, நான் யாரைச் சொன்னேன்னு சபையில ஆராய்ச்சி பண்ணுவாங்கம்மா." மைக்கைக் கண்டதும் குரலை மாற்றிக்கொள்கிறவர்களையே தினமும் சந்திக்கிற எனக்கு, பதிவுக் கருவியை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கச் சொன்ன இந்த ஆன்டி புதுசு. ஆகவே இது என் குறிப்பேட்டிலிருந்து.

நம்மில் பலருக்கு லுத்தரன் சபை என்றால் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் சீயோன் தேவாலயம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சபையின் வேர் தரங்கம்பாடியில் இருக்கிறது. 1706-இல் ஜெர்மனியரான சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவர் தொடங்கிய மரபில் வந்த குடும்பங்கள் பல, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் மலாயா வந்தபோது, பெட்டிக்குள் பாமாலைப் புத்தகத்தையும் வைத்துக் கொண்டுவந்தன. இன்றும் ஆராதனையில் ஜெர்மானிய மெட்டில் ஒரு பாமாலையும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனை ஒன்றும் அடுத்தடுத்து ஒலிக்கும். சபா மாநிலத்தில் ஹக்கா சீனர்களின் பாசல் சபையும் இதே லுத்தரன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

போதகர் குடியிருக்கும் வீட்டுக்குக் குருமனை என்று பெயர். பெரும்பாலும் கோயில் வளாகத்திலேயே இருக்கும், இல்லையென்றால் பக்கத்துத் தாமானில். வீடு சபைக்குச் சொந்தம். மாற்றல் கடிதம் வந்தால் கிளம்ப வேண்டும். "சுவத்துல ஆணி அடிக்கக்கூட முதல்ல தயங்குவேன். இளைஞர் சங்கத்துப் பிள்ளைங்க வந்து நேரா ஐஸ்பெட்டியைத் திறப்பாங்க. அதுல எனக்குச் சந்தோஷந்தான். ஆனா என் மகனோட தேர்வு மார்க்கு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி மாதர் சங்கத்துக்குத் தெரிஞ்சுடும்." ஒவ்வொரு குருமனையிலும் ஒரு கறிவேப்பிலைச் செடி நட்டாராம். ஐந்தில் மூன்று மரமாகிவிட்டன. ஒன்றை அடுத்து வந்தவர்கள் கார் நிறுத்த வெட்டிவிட்டார்கள். இன்னொன்று என்ன ஆனது என்று அவர் சொல்லவில்லை.

சபைக் கூட்டங்கள் எத்தனை என்று விரல்விட்டு எண்ணச் சொன்னேன். ஞாயிறு ஆராதனை, ஞாயிறு பள்ளி, திடப்படுத்தலுக்கு வரும் பிள்ளைகளின் ஞானோபதேச வகுப்பு, மாதர் சங்கம், இளைஞர் கூட்டம், வாரத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். இதோடு லெந்து கால மாலை ஆராதனைகள், அறுப்பின் பண்டிகை, டிசம்பர் முழுக்க கேரல் சுற்று. விரல் போதவில்லை.

இவற்றில் அவர் அதிகம் பேசியது வீட்டு ஜெபக்கூட்டத்தைப் பற்றித்தான்.

மலிவுவிலை அடுக்குமாடி ஒன்றில் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கி வேலை செய்யவில்லை, ஒன்பதாவது மாடி. கூடத்தில் பாய் விரித்திருக்கும், மின்விசிறி ஓடும், பாஸ்டர் வேதபாடம் நடத்துவார். கடைசிப் பாட்டு முடிவதற்கு முன்பே வீட்டுக்காரப் பெண் எழுந்து சமையலறைக்குப் போவார், மீகூன் எடுத்து வைக்க. பாஸ்டரம்மாவும் பின்னாலேயே போவார். "உள்ள போனா அந்தப் பொண்ணு கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். தட்டை எடுத்துக் குடுக்கிற மாதிரி பக்கத்துல போய் நிப்பேன். அப்பதான் சொல்லும். மூணு மாசம் வீட்டு வாடகை கட்டலைன்னு சொல்லும். இல்லேன்னா, மூத்தவன் ஸ்கூலுக்குப் போறதில்லைன்னு. ஒரு தடவை ஒரு பொண்ணு கைலியைக் கொஞ்சம் தூக்கி முழங்காலுக்கு மேல இருந்த காயத்தைக் காட்டிச்சு. கூடத்துல அதே புருஷன் உட்கார்ந்து ஆமென் சொல்லிக்கிட்டிருக்கான்."

அந்த இரவு அவர் என்ன செய்தார்? மீகூனைப் பரிமாறினார். கீழே இறங்கி வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான் கணவரிடம் சொன்னார். மறுநாள் அந்தப் பெண்ணை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார், பிறகு காவல் நிலையத்துக்கு. புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று ஒரு மணி நேரம் யோசித்தார்களாம். கொடுத்தார்கள். சபையில் இரண்டு குடும்பங்கள் அதற்காக இவரிடம் பல மாதங்கள் பேசவில்லை, "குடும்பத்தைப் பிரிச்சிட்டாங்க" என்று. அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் வேலை செய்கிறார், கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் அனுப்புகிறார்.

சமூக சேவை அதிகாரிகளும் ஆலோசகர்களும் பட்டம் பெற்று, சம்பளம் வாங்கிச் செய்கிற வேலை இது. இவருக்கு நியமனக் கடிதம் கிடையாது, விடுப்பு கிடையாது, விலகல் கடிதமும் கிடையாது. சபை சம்பளம் கொடுப்பது ஒருவருக்கு. வேலை வாங்குவது இருவரிடம். இதை நான் சொன்னபோது ஆன்டி உடனே மறுத்தார். "சபை என்னைக் கட்டாயப்படுத்தலம்மா, நானாத்தான் செஞ்சேன்." சிறிது நேரம் கழித்து, "செய்யாம இருந்திருந்தா விட்டிருப்பாங்களான்னு தெரியாது" என்றார்.

ஒவ்வோர் அக்டோபர் 31-ஆம் தேதியும் லுத்தரன் சபைகள் சீர்திருத்த நாளைக் கொண்டாடுகின்றன. 1517-இல் மார்ட்டின் லுத்தர் தமது 95 கருத்துகளை வெளியிட்ட நாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நாடகம் போடுவார்கள். ஒரு பையன் தாடி ஒட்டிக்கொண்டு போப்பாண்டவராக வருவான் (ஏன் தாடி என்று யாருக்கும் தெரியாது), இன்னொருவன் சுத்தியலோடு லுத்தராக வருவான். பெண்பிள்ளைகள் கூட்டத்தில் நிற்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் இந்த ஆன்டி, "லுத்தரோட வீட்டம்மாவும் வரட்டுமே" என்று சொல்லி ஒரு காட்சியைச் சேர்த்தார்.

அந்த வீட்டம்மாவின் கதையைக் கேளுங்கள். கத்தரீனா ஃபான் போரா, கன்னிமாடத்தில் வளர்ந்தவர். 1523-இல் மற்ற கன்னியாஸ்திரிகளோடு சேர்ந்து, கன்னிமாடத்துக்குச் சரக்கு கொண்டுவரும் வணிகர் ஒருவரின் வண்டியில் ஏறித் தப்பினார். 1525 ஜூன் 13-இல், 26-ஆம் வயதில், லுத்தரை மணந்தார். விட்டன்பெர்க் நகரில் அவர்களுக்குக் கிடைத்த வீடு, லுத்தர் முன்பு துறவியாக வாழ்ந்த பழைய மடம். அதில் மாணவர்கள், விருந்தாளிகள், அநாதையான உறவுப் பிள்ளைகள் என்று எப்போதும் கூட்டம். கத்தரீனா தோட்டம் போட்டார், மாடு பன்றி வளர்த்தார், பீர் காய்ச்சினார், தங்கியிருந்த மாணவர்களிடம் கட்டணம் வாங்கிச் செலவைச் சமாளித்தார். ஆறு பிள்ளைகளைப் பெற்று, இரண்டு பெண்களைப் பறிகொடுத்தார். குருவானவரை மணந்த முதல் பெண் அவர் இல்லை. ஆனால் குருமனை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று உலகம் இன்றுவரை எதிர்பார்ப்பது அவருடைய வீட்டைத்தான்.

சாப்பாட்டு மேசையில் லுத்தர் பேசியதையெல்லாம் மாணவர்கள் எழுதிவைத்துக்கொண்டார்கள், அது பெரிய நூலாகவே வந்தது. அந்தச் சாப்பாட்டைப் போட்டவர் கத்தரீனா. வெளியூர் போனபோது லுத்தர் அவருக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. கத்தரீனா லுத்தருக்கு எழுதிய கடிதம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குரலைப் பதிவு செய்து பிழைப்பு நடத்துகிற எனக்கு இந்தத் தகவல் இரண்டு நாள் மனத்தை விட்டுப் போகவில்லை.

லுத்தர் 1542-இல் உயில் எழுதினார், எல்லாம் மனைவிக்கே என்று. அந்தக் காலத்து சாக்சனி நாட்டுச் சட்டம் அதை அப்படியே ஏற்கவில்லை. விதவைக்குக் காப்பாளர் வேண்டும் என்றது. 1546-இல் அவர் இறந்தார். அடுத்து போர் வந்தது, தோட்டமும் மாடுகளும் அழிந்தன. கத்தரீனா கையில் காசில்லாமல் பிரபுக்களுக்கு விண்ணப்பம் எழுதினார். 1552-இல் கொள்ளை நோய்க்குத் தப்பி ஊரைவிட்டுப் போகும் வழியில் வண்டி விபத்தில் காயம்பட்டு, டோர்காவ் என்ற ஊரில் இறந்தார்.

நாடகத்தில் இந்தப் பகுதி இல்லை. பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று ஆன்டியே விட்டுவிட்டார். ஆனால் எனக்குச் சொல்லும்போது இதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். காரணம் இருக்கிறது. அவருடைய கணவருக்கு இன்னும் ஒன்றரை ஆண்டில் ஓய்வு. அதோடு குருமனைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அவர் ஒரு காலத்தில் பாலர் பள்ளி ஆசிரியை. ஆறு ஆண்டுகள் வேலை செய்தார், ஊழியர் சேமநிதியில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. மூன்றாவது மாற்றலோடு வேலை நின்றது, சேமநிதியும் நின்றது. கணவரின் சேமிப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் போனது. இப்போது ரவாங் பக்கம் இரண்டு அறை வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வங்கிக் கடனுக்கு இருவருக்கும் வயது ஒத்துவரவில்லை. மகன் பெயரில்தான் வாங்க வேண்டும். "மறுபடியும் இன்னொருத்தர் வீடு" என்று சிரித்தார். அது மகன்தானே என்று நான் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் இல்லத்தரசிகளுக்கு, பாஸ்டரம்மாவோ இல்லையோ, இரண்டு செய்திகள். சொக்சோவில் இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 120 வெள்ளி. வீட்டு வேலையில் ஏற்படும் விபத்துக்கும் உடல் இயலாமைக்கும் பாதுகாப்பு உண்டு; சேர வயது வரம்பு உண்டு, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். சேமநிதியில் ஐ-சாரான் திட்டத்தில், முதலாளி இல்லாதவர்களும் தாங்களே பணம் கட்டலாம், அரசாங்கமும் ஊக்கத்தொகை சேர்க்கும். ஆன்டி இரண்டையும் 50 வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டார். அதுவும் சபையில் புதிதாக வந்திருக்கும் உதவிப் போதகரின் மனைவி சொல்லித்தான்.

அந்த இளம் மனைவி தணிக்கை நிறுவனத்தில் வேலை செய்கிறார். திருமணத்துக்கு முன்பே கணவரிடமும் சபைப் பெரியவர்களிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டாராம்: வேலையை விட மாட்டேன், ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பு எடுப்பேன், மாதர் சங்கத் தலைவி ஆக மாட்டேன். சபையில் முணுமுணுப்பு இல்லாமல் இருக்குமா? "சின்ன பாஸ்டரம்மாவைப் பார்க்கவே முடியல" என்று பெரிய பாஸ்டரம்மாவிடமே வந்து புகார் சொன்னார்கள். தம்மைப்போல அவரும் இருக்க வேண்டும் என்று ஆன்டி சொல்வார் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். நானும் கொஞ்சம் அப்படித்தான் எதிர்பார்த்தேன்.

"நீங்க ஆபிசுக்கு லீவு போட்டுட்டுத் தினம் கோயிலுக்கு வர்றீங்களா?" என்று திருப்பிக் கேட்டாராம்.

இருந்தாலும் ஆன்டிக்கு ஒரு கவலை உண்டு. நாளைக்குக் கூடத்தில் ஜெபம் முடியும்போது சமையலறைக்குள் யார் போவார்கள்? அவருடைய யோசனை இது: மாதர் சங்கத்தில் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, அடிப்படை ஆலோசனைப் பயிற்சிக்கு அனுப்பி, அந்தச் செலவைச் சபை வரவுசெலவில் சேர்ப்பது. யாருடைய மனைவியாகவும் இருக்கத் தேவையில்லை; காது இருந்தால் போதும், வாய் அடங்கியிருக்க வேண்டும் என்கிறார். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பாஸ்டரம்மா என்கிற ஒரே பெண்ணின் தலையில் எல்லாவற்றையும் வைப்பது அவருக்கும் நல்லதில்லை, சபைக்கும் நல்லதில்லை. இந்த யோசனை இப்போது சபைக் குழுவின் முன் இருக்கிறது. முதல் கூட்டத்தில் நேரம் போதவில்லை என்று தள்ளிவைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டேன்.

"எடுக்கலேன்னா மூணாவது கூட்டத்துலயும் கேப்பேன்" என்றார். அதற்குள் கைப்பேசி அடித்தது. செலாயாங் மருத்துவமனையில் ஒருவரை அனுமதித்திருக்கிறார்களாம். பாஸ்டர் வெளியூரில். ஆன்டி என் குவளையில் மிச்சமிருந்த தேநீரைக் குடித்து முடிக்கச் சொல்லிவிட்டு, கார் சாவியைத் தேட ஆரம்பித்தார்.