பக்கச் சக்கரம் ஏறினால் ஆர்சியும் மாறவேண்டும்

ராஜபாளையத்துக்கு மேற்கே, மாந்தோப்பும் தென்னந்தோப்பும் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். கால் பாதித்தவர்கள் யார் தயவும் இல்லாமல் அதுவரை போய்வர வழி செய்தது மூணு சக்கர ஸ்கூட்டர். அதாவது, பின்னால் இருபுறமும் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் தமிழக அரசு இதை இலவசமாகவே தருகிறது. சொந்தக் காசில் வண்டி வாங்கிப் பட்டறையில் சக்கரம் ஏற்றிக்கொள்பவர்களும் உண்டு. சிக்கல் பெரும்பாலும் இவர்களுக்குத்தான்.

சக்கரம் பொருத்தியதோடு வேலை முடியவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியில் பதிய வேண்டும். டிஎன் 84 வண்டிகளுக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர். லைசென்ஸிலும் 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்ற வகை இருக்க வேண்டும். "கால் சரியில்லாதவருக்கு லைசென்ஸ் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த வண்டியை ஓட்டத் தகுதி உண்டென்று அதிகாரிக்குத் திருப்தியானால் எல்எல்ஆர் கொடுக்கலாம் என்று 8-ஆம் பிரிவே சொல்கிறது.

இந்தக் காகிதங்களின் அருமை விபத்து நடந்தால்தான் தெரியும். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும். பதியாத சக்கரத்தைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழுத்தடிக்கவும் இடமுண்டு. எதிர்வண்டி மோதியிருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுங்கள்.

ஓட்டும் விதமும் வேறு. சாதாரண ஸ்கூட்டர் வளைவில் சாயும், இது சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பி, ஆளை வெளிப்பக்கம் தூக்கியடிக்கும். பக்கச் சக்கரம் இரண்டும் மேட்டில் ஏறி நின்றால் நடுவிலுள்ள பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். முறுக்க முறுக்கச் சத்தம்தான் வரும், வண்டி நகராது. ரிவர்ஸ் கியர் இல்லாவிட்டால் காலால் உந்திப் பின்னுக்குத் தள்ளவும் வழியில்லை. கோவிலடியில் நிறுத்தும்போதே திரும்பும் திசை பார்த்து நிறுத்துங்கள். மலையில் மழை பிடித்தால் கோவிலருகே ஓடும் ஆற்றில் சட்டென்று தண்ணீர் வரும். இறங்கி ஓட முடியாதவர் ஓடுதண்ணீரில் வண்டியை இறக்கவே கூடாது, கூட வருபவர் எவ்வளவு தைரியம் சொன்னாலும்.

வண்டி வாசல்வரைதான் கொண்டுபோகும், அதற்குமேல் படிக்கட்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 45-ஆம் பிரிவு, பழைய பொதுக் கட்டடங்களையும் விதிகள் வெளியான 5 ஆண்டுக்குள் அணுகத்தக்கதாக மாற்றச் சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. ஆகவே சாய்தளம் கேட்பதைச் சலுகை கேட்பதாக நினைத்துக் கூச வேண்டியதில்லை.

அரசு ஸ்கூட்டருக்கு விண்ணப்பிக்கவும், கொடுத்த மனு கிடப்பில் இருந்தால் கேட்கவும், விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. அங்கும் நகரவில்லையென்றால் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். எங்கே மனுக் கொடுத்தாலும், பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்காமல் கிளம்பாதீர்கள்.