பல்லுக்கு ஒரு பூச்சு

"பல் போனால் சொல் போச்சு" என்பது பழமொழி. பல் போகாமலே சொல் போய்விடுவதும் உண்டு. முன்பல் உடைந்தவளும் பல்லில் கபிலக் கறை படிந்தவளும் வகுப்பில் எழுந்து பேசத் தயங்குகிறார்கள். சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். இத்தகையோருக்குப் பல் வைத்தியர்கள் செய்யும் எளிய சிகிச்சைகளுள் ஒன்று ‘பொண்டிங்’. பல்லின் நிறத்தையுடைய ஒரு பசையைப் பல்லில் ஒட்டி, உருக்கொடுத்து, இறுகச் செய்வதே இதுவாகும்.

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருப்பது மிளிரி. நமது உடலில் மிகவும் கடினமான பொருள் இதுவே. வழுவழுப்பான இதன்மீது எதுவும் இலகுவில் ஒட்டாது. 1955 இல் மைக்கல் புவோனோகோர் என்னும் ஆய்வாளர் இதற்கு வழி கண்டார். பொசுபோரிக் அமிலத்தைச் சிறிது நேரம் பூசிக் கழுவினால் மிளிரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகும். திரவ ரெசின் அத்துளைகளுக்குள் ஊறிச் சென்று இறுகி, வேர்விட்டதுபோல் பற்றிக்கொள்ளும். அதன்மேல் ரெசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்த ‘கொம்பசிற்’ பசையை வைத்தியர் படை படையாக வைப்பார். நீல ஒளி பட்டதும் சில செக்கன்களில் அது இறுகிவிடும். இரசாயனவியல் பாடத்தில் நாம் கற்கும் பல்பகுதியமாக்கலே இங்கு நடைபெறுகிறது.

அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற உலர்வலய மாவட்டங்களின் சில கிணறுகளில் புளோரைட்டு அதிகம். லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பல் உருவாகும் சிறு வயதில் புளோரைட்டு மிகுந்த நீரைப் பருகினால் மிளிரியிலேயே கறை உண்டாகிவிடும். எவ்வளவு துலக்கினாலும் அது போகாது. இக்கறையையும் பொண்டிங்கினால் மறைக்கலாம்.

எனினும் இது நிரந்தரமானதன்று. சில வருடங்களில் தேயவோ உடையவோ கூடும். தேநீரும் கோப்பியும் கறை படியச் செய்யும். பேனையைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் கைவிட வேண்டும். பற்சிதைவோ முரசு நோயோ இருப்பின் முதலில் அதற்கே சிகிச்சை பெற வேண்டும்.

"இது மார்க்கத்தில் கூடுமா?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோரை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்ததைப் புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் காண்கிறோம். அதேவேளை, போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரழி) அவர்கள் வைத்திருந்த வெள்ளி மூக்கு துர்நாற்றம் வீசியபோது, தங்க மூக்கு வைத்துக்கொள்ளும்படி கூறியவர்களும் நபியவர்களே. குறையை நீக்குவது வேறு, படைப்பை மாற்றுவது வேறு என அறிஞர்கள் இவற்றிலிருந்து விளக்குகின்றனர். உடைந்த பல்லைச் சீராக்குவதும், கைத்தொலைபேசியில் கண்ட ஒருத்தியின் பல்வரிசைக்காக நல்ல பல்லை மாற்றுவதும் ஒன்றல்ல. தனது நிலை எதுவென ஐயமிருந்தால் வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேட்டறிவதே முறை.

பூச்சு வேண்டுமா, வேண்டாமா என்பது அவரவர் முடிவு. ஆனால் ஒன்றை நாம் எல்லோரும் செய்யலாம். கறை படிந்த பல்லைக் கண்டு "பல் துலக்குவதில்லையா?" என்று கேட்குமுன், அவளுடைய ஊர்க் கிணற்றை ஒருகணம் நினைத்துப் பார்ப்போம்.