குண்டு நின்றிருக்க வேண்டிய இடம்

கீரனூரைத் தாண்டிப் புதுக்கோட்டை நோக்கி வருகையில் வெயிலில் மினுங்கும் மொட்டைப் பாறைகள் தென்படும். மேலமலை, கோட்டைமலை, கடம்பர் மலை, ஆளுருட்டி மலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எல்லாம் சேர்ந்து நார்த்தாமலை. விஜயாலய சோழீச்சரத்தைப் பார்க்க வருகிறவர்களும் முத்துமாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்களும் நன்கு அறிந்த ஊர். பக்கத்தில் பசுமலைப்பட்டியில் காவல் துறையின் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் ஒன்று இருப்பது, 2021 டிசம்பர் 30 வரை வெளியூர்க்காரர்கள் அநேகருக்குத் தெரியாது.

அன்று காலை மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சியில் இருந்தார்கள். தளத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கொத்தமங்கலப்பட்டியில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. புதுக்கோட்டை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அறுவை சிகிச்சை செய்து குண்டை எடுத்தார்கள். ஆனாலும் 2022 ஜனவரி 3 அன்று பையன் போய்விட்டான். மறியல், வழக்கு, விசாரணை, முதலமைச்சர் அறிவித்த 10 லட்சம் ரூபாய் நிவாரணம், தளத்தைத் தற்காலிகமாக மூடும் உத்தரவு என்று எல்லாம் நடந்தன. பிறகு செய்தி அடங்கிவிட்டது.

சுட்டவர் யார், அலட்சியம் யாருடையது என்று கேட்கத்தான் வேண்டும். அதைக் காவல் துறையும் நீதிமன்றமும் கேட்கும். ஆனால் அந்த மரணத்தைப் பார்த்து ஒரு சுகாதார ஆய்வாளர் கேட்கக்கூடிய கேள்விகள் வேறு மாதிரியானவை. அவற்றை நம்மில் யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஒரு தெருவில் டெங்கு வந்தால் என்ன செய்கிறோம்? காய்ச்சல்காரருக்கு மருந்து கொடுப்பதோடு விடுவதில்லை. மறுநாளே ஆட்கள் வீடு வீடாக வந்து தொட்டியைத் திறந்து பார்க்கிறார்கள், தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்க்கிறார்கள், பழைய டயரை அப்புறப்படுத்துகிறார்கள். எந்தக் கொசு கடித்தது என்று தேடுவதில்லை. கொசு எங்கே பிறக்கிறது, எந்த இடத்தில் அதை மறிக்கலாம் என்றுதான் பார்க்கிறார்கள். துப்பாக்கிக் குண்டையும் இந்தக் கண்ணோடு பார்க்க முடியும். 1996இல் உலக சுகாதாரப் பேரவை, வன்முறை என்பதே உலகின் முதன்மையான பொதுச் சுகாதாரச் சிக்கல்களில் ஒன்று என்று தீர்மானம் போட்டது இந்த அடிப்படையில்தான்.

அப்படிப் பார்த்தால் நார்த்தாமலைக் குண்டின் பாதை முழுவதும் கேள்விகளாக இருக்கிறது. துப்பாக்கி குறி தவறாமல் சுடும் தூரம் வேறு, அதன் குண்டு பறந்து போய் விழக்கூடிய தூரம் வேறு. சில நூறு மீட்டர் தள்ளியுள்ள இலக்குக்காகச் செய்யப்பட்ட ராணுவ வகைத் துப்பாக்கியின் குண்டு, தடுப்பார் இல்லையென்றால் இரண்டு மூன்று கிலோமீட்டர்கூடப் போகும். கருங்கல்லில் பட்டால் எந்தத் திசையில் தெறிக்கும் என்று சொல்லவும் முடியாது. அதனால்தான் இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு, பக்கச் சுவர்கள், அபாய எல்லை, சிவப்புக் கொடி, காவலுக்கு ஆள் என்று ஏற்பாடுகள் வைக்கிறார்கள். இவற்றில் ஏதாவது ஒரு இடத்தில் அந்தக் குண்டு நின்றிருக்க வேண்டும். எதிலுமே நிற்காமல் குடியிருப்பு வரை வந்தது என்றால், ஒரு மனிதரின் கைத்தவறு மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

துப்பாக்கி என்றால் தளம் மட்டுமா? காட்டுப்பன்றிக்கும் முயலுக்கும் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியோடு இரவில் கிளம்புகிற வழக்கம் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இருக்கிறது. கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் திணித்த அந்தக் குழல், கூட வந்தவரையே சாய்த்த செய்திகள் பத்திரிகை மூலையில் வந்து போகின்றன. அடிபட்டவர் அரசு மருத்துவமனைக்கு வந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அதன் நகலான ஏ.ஆர். காப்பி காவல் நிலையத்துக்குப் போகும். அதோடு அது ஒரு வழக்கு எண்ணாகிவிடும். எந்த வயதினர், எந்த வட்டாரம், என்ன மாதிரித் துப்பாக்கி என்று ஆண்டுக்கணக்கில் சேர்த்துப் பார்க்கும் வேலையைச் சுகாதாரத் துறையும் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணிப் பார்ப்பது சின்ன விஷயம் அல்ல. அமெரிக்காவில் 1996இல், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்துப் பேச நோய்த் தடுப்பு மையத்தின் பணத்தைச் செலவிடக் கூடாது என்று நாடாளுமன்றம் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்தது. அந்த ஒரு வரிக்குப் பயந்தே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ச்சி வறண்டுபோனது. 2020இல் அந்த நாட்டுக் குழந்தைகளையும் பதின்வயதினரையும் கொல்வதில் துப்பாக்கியே முதலிடத்துக்கு வந்துவிட்டது. 2024 ஜூனில் அந்நாட்டின் தலைமை மருத்துவர், கன்னடக் குடும்பத்தில் பிறந்த விவேக் மூர்த்தி, அதைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தார். நம் நிலைமை அதற்கு நெடுந்தொலைவில் இருக்கிறது. நோய் சிறிதாக இருக்கும்போது பார்ப்பதுதானே தடுப்பு?

கைக்கு எட்டும் கொலைக்கருவியை எட்டாமல் செய்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு இலங்கையே சாட்சி. 1990களில் கொடிய பூச்சிமருந்துகளை அங்கே ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மனிதர்களின் துயரம் தீர்ந்துபோய் அது நடக்கவில்லை, கையருகில் விஷம் இல்லாததால் நடந்தது. நம் ஊரிலும் இப்படி யோசிக்கத் தெரியும். கொத்தமங்கலப்பட்டியில் குண்டு பாய்வதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான், டிசம்பர் 18 அன்று, சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. விபத்து விதி அல்ல, அதிலும் உயிரைக் காப்பாற்றலாம் என்று அரசு ஒப்புக்கொண்ட திட்டம் அது. அந்தக் கண்ணோட்டத்தைத் துப்பாக்கிக் காயத்துக்கும் நீட்ட வேண்டும்.

பயிற்சித் தளம் உள்ள எந்த ஊரிலும் இதைக் கிராம சபையிலிருந்தே தொடங்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூட்டம் போடுகிறோம். குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் அலுவலர்களிடம் இவற்றையும் கேட்கலாம்: எந்தெந்த நாளில் சுடுகிறீர்கள்? முந்தின நாளே ஊருக்குச் சொல்வீர்களா? அபாய எல்லை எதுவரை, அதற்குள் யார் வீடு, எந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறது? மண்மேட்டைக் கடைசியாக அளந்து பார்த்தது எப்போது? சுடும் நேரத்தில் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்? மூளை அறுவை மருத்துவர் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்? கேள்விகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வந்த பதிலையும் அதன் கீழேயே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடலாம்.