நிலைக்காலில் ஒரு பென்சில் கோடு

எங்கள் பூர்வீக வீட்டின் சமையலறை நிலைக்காலில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் உயரங்கள் பென்சில் கோடுகளாக இன்றும் இருக்கின்றன. பிறந்தநாள்தோறும் பிள்ளையின் குதிகாலும் முதுகும் மரத்தில் படும்படி நிறுத்தி, தலையின்மேல் ஒரு புத்தகத்தைக் கிடையாக வைத்துக் கோடு இழுத்து, பக்கத்தில் தேதியையும் எழுதுவார் என் தகப்பனார். எடையை மட்டும் அங்கே ஒருவரும் எழுதியதில்லை. பிள்ளையைத் தராசில் ஏற்றினாலே கண்பட்டுவிடும் என்று பாட்டி அஞ்சுவாள். இளைத்துப்போன குழந்தையை வைத்தியரிடம் கொண்டுபோனால் அவர் நிறுப்பதோடு சரி. புஷ்டியாக விளையாடும் குழந்தையை நிறுத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் எழுந்ததில்லை.

பஞ்சத்தையும் அரைவயிற்றுக் கஞ்சியையும் கண்ட ஜனங்களுக்குக் குழந்தையின் தொடையில் விழும் மடிப்பு தெய்வத்தின் அநுக்கிரகமாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1980-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளைக் கிராமத்து ஊழியர்கள் மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாமல் நின்றுபோனவர்களைத் தேடி எடுத்துத் தனி ஆகாரம் கொடுத்தார்கள். நம்மிடையே தராசு வந்ததே மெலிவைக் கண்டுபிடிக்கத்தான். அந்த வேலையும் இன்னும் தீரவில்லை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். உயரத்துக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள் 3.4 பேரே. ஆயினும் அந்தச் சிறிய எண் அதற்கு முந்திய ஆய்வில் 2.1 ஆக இருந்தது என்பதையும், ஒரே தெருவில் மெலிவும் பருமனும் அடுத்தடுத்த வீடுகளில் வளர்கின்றன என்பதையும் பார்க்கும்போது, தராசின் மறுபக்கத்தையும் கவனிக்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்றே சொல்வேன்.

மூன்று வருஷத்துக்கு முன், அந்தப் பூர்வீக வீட்டில் இப்போது வாழும் என் தமக்கையைப் பார்க்கப் போயிருந்தேன். கிணற்றடியில் எட்டு வயதுப் பேரனை உட்காரவைத்து, பயத்தமாவு போட்டு அவன் பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து மடிப்பில் கறுப்பு வெல்வெட்டுத் துணியை ஒட்டினாற்போல ஒரு பட்டை. “எத்தனை தேய்ச்சாலும் இந்த அழுக்குப் போகமாட்டேங்குது, தம்பி” என்றாள். பையன் எரிகிறதென்று நெளிந்தான். அது அழுக்கல்ல. தேகத்தில் இன்சுலின் சுரந்தும் அது சரியாக வேலை செய்யாமற்போக, ஈடுகட்ட மேலும் மேலும் சுரக்கும்போது, பிடரியிலும் அக்குளிலும் தோல் இப்படித் தடித்துக் கறுக்கிறது. பிற்காலத்து நீரிழிவுக்கு முன்கூட்டிய எச்சரிக்கை அது. அதை எத்தனை பாட்டிமார் பீர்க்கங்கூடு கொண்டு தேய்த்துக் குழந்தைகளை அழவைத்திருப்பார்களோ என்று நினைக்க எனக்கு மனம் பதைக்கிறது.

நாங்கள் கூட்டிப்போய்க் காட்டிய குழந்தை வைத்தியர் பையனை அளந்தார்: உயரம் 128 சென்டிமீட்டர், எடை 34 கிலோ. எடையை, மீட்டரில் கண்ட உயரத்தால் இருமுறை வகுக்க வந்த எண் 20.8. பி.எம்.ஐ. என்று சொல்லப்படும் இந்த எண் ஒரு பெரியவருக்கு வந்திருந்தால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அட்டவணையில் எட்டு வயது ஆண்பிள்ளைக்கு நடு அளவு 15.7, 17.4-ஐத் தாண்டினால் மிகைஎடை, 19.7-ஐத் தாண்டினால் பருமன். குழந்தைக்கு வயதோடும் ஆண் பெண் என்ற பேதத்தோடும் சேர்த்துப் பார்க்காத எண்ணுக்குப் பொருளே இல்லை.

இதில் பெரும்பாலான தாய்மார் அறியாத ஒரு நுட்பம் உண்டு. பிறந்த எடை ஐந்தாம் மாதத்தில் இரட்டிப்பாகி, ஓராண்டில் மும்மடங்காகும். அதன்பின் பி.எம்.ஐ. எண் மெல்ல இறங்கி, ஐந்து ஆறு வயதில் அடிமட்டத்தைத் தொட்டு, மறுபடியும் ஏறத் தொடங்கும். ஆகவே ஐந்து வயதில் விலா எலும்பு லேசாகத் தெரியும்படி ஓடித்திரிகிற பிள்ளை பெரும்பாலும் இயற்கையின் ஒழுங்கில் வளர்கிற பிள்ளையே; அவனைப் பார்த்து, “துரும்பா இளைச்சுட்டானே” என்று கலங்கித் தட்டோடு துரத்தித் துரத்தி ஊட்டுவது அநாவசியம். அந்த ஏற்றம் மூன்று நான்கு வயதிலேயே தொடங்கிவிடும் குழந்தைகளுக்குத்தான் பிற்காலப் பருமனின் அபாயம் அதிகம். ஒருநாள் எடை இதையெல்லாம் காட்டாது. வருஷக்கணக்கில் குறித்துவந்த கோடுதான் காட்டும்.

நம் தேசத்துத் தேகத்தின் தன்மையும் வேறு. பூனாவை அடுத்த கிராமங்களில் பிறந்த சிசுக்களை இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்தவற்றோடு டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவர் குழுவினரும் ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்டபோது, நம் சிசுக்கள் எடையில் ஏறக்குறைய முக்கால் கிலோ குறைந்திருந்தும், தோலடிக் கொழுப்பில் அவ்வளவு குறையவில்லை, தசையில்தான் குறைந்திருந்தன என்று தெரிந்தது. எனவேதான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வகுத்த அட்டவணையில், உலக அளவைக் காட்டிலும் தாழ்ந்த எல்லையிலேயே எச்சரிக்கைக் கோடு போட்டிருக்கிறது.

இன்னொரு குறிப்பையும் வைத்தியர் சொன்னார். வயதுக்கு உயரமாகவும் பருமனாகவும் இருக்கும் பிள்ளைக்குக் காரணம் பெரும்பாலும் ஆகாரமும் ஓட்டமின்மையுமே. உயரம் குன்றிப் பருமன் மட்டும் ஏறினால், தைராய்டு முதலிய சுரப்பிகளை உடனே பரிசோதிக்க வேண்டும். இரவில் உரத்த குறட்டை, முழங்கால் நோவு, நாலு படி ஏறுமுன் மூச்சிரைப்பு இவற்றையும் அசட்டை செய்யலாகாது.

“பட்டினி போடச் சொல்வீர்களோ, டாக்டர்?” என்று கேட்ட தமக்கையின் குரல் நடுங்கிற்று. “ஒரு கிலோவும் குறைக்க வேண்டாம், அம்மா, எடை நின்றால் போதும், உயரம் அதை எட்டிப் பிடித்துக்கொள்ளும்” என்றார் அவர். பையனுக்கென்று தனிச் சமையல் ஏதும் நடக்கவில்லை. வீடு முழுவதற்குமே மாலைச் சிற்றுண்டி சுண்டலாயிற்று, பாட்டில் மாம்பழச் சாறு வாங்குவது நின்றது, தொலைக்காட்சியின் முன்னே சோறு போடுவது ஒழிந்தது. சாயங்காலம் அவன் தெருப் பிள்ளைகளோடு கோயில் மைதானத்துக்குப் போனான். “குண்டு” என்று அவனை அழைப்பதைத் தமக்கை கண்டிப்பாக நிறுத்திவிட்டாள். எடை பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல், ஒரே தராசில்.

அடுத்த பிறந்தநாளன்று நிலைக்காலில் 134-இல் கோடு விழுந்தது. அதன் அருகே, அந்த வீட்டில் முதல் தடவையாக, என் தமக்கை எடையையும் எழுதினாள்: 35 கிலோ. வகுத்துப் பார்த்தேன், 19.5 வந்தது.