மின்னஞ்சல் தொகுப்பிலிருந்து மடல்களை நீக்கும் நிரல்: பின்னிருந்து எண்ணுவதன் தேவை

பல்கலைக்கழகத் துறைகளின் அஞ்சற்பெட்டிகளில் மாணவர் மதிப்பெண்கள், ஆய்வேட்டுத் தேர்வாளர் அறிக்கைகள் போன்ற மறைவாகப் பேணத்தக்க மடல்கள் குவிகின்றன. உரிய காலம் கடந்தபின் அவற்றை நீக்குவது பொறுப்பாளரின் கடமையாகும். ஆயிரக்கணக்கான மடல்களைக் கையால் நீக்குவது அரிது. எனவே சிறு நிரல் எழுதி நீக்குவோர் உளர். அத்தகைய நிரலில் எளிதிற் புலப்படாத பிழையொன்று நேர்வதுண்டு. அதன் காரணத்தையும் களையும் முறையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

மைக்ரோசாப்ட் அவுட்லுக்கைச் சான்றாகக் கொள்வோம். அவுட்லுக் 2000 பதிப்பு முதல் அதில் விபிஏ மொழியில் நிரல் எழுத இயலும். இன்று 'கிளாசிக்' எனப்படும் விண்டோஸ் பதிப்பில் அவ்வசதி உண்டு. புதிய அவுட்லுக்கில் இல்லை. கோப்புறையொன்றிலுள்ள மடல்கள் 'ஐட்டம்ஸ்' என்னும் தொகுப்பாக அமைகின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் வரிசையெண் உண்டு. இவ்வெண் மடலுக்கு உரியதன்று. மடல் இருக்கும் இடத்திற்கு உரியது. பிழையின் வேர் இங்குதான் உள்ளது.

பத்து மடல்களை முன்னிருந்து நீக்குவதாகக் கொள்வோம். முதல் மடல் நீங்கியவுடன் இரண்டாம் மடல் முதலிடத்திற்கு நகர்கின்றது. நிரலோ இரண்டாம் இடத்திற்குச் செல்கின்றது. அங்கிருப்பது மூன்றாம் மடல். இவ்வாறே 1, 3, 5, 7, 9 ஆகியவை நீங்க, 2, 4, 6, 8, 10 எஞ்சுகின்றன. ஆறாம் இடத்தைத் தேடும்போது ஐந்து மடல்களே இருப்பதால் நிரல் பிழைச்செய்தியுடன் நிற்கின்றது. 'ஃபார் ஈச்' என்னும் கட்டளையைப் பயன்படுத்தினாலும் மடல்கள் தவறவிடப்படும்; ஆனால், எச்சரிக்கை ஏதுமின்றி நிரல் முடிந்துவிடும்.

குறிப்பிட்ட மடல்களை மட்டும் நீக்கும்போது இடர் இன்னும் நுட்பமானது. நீக்கத்தக்க இரு மடல்கள் அடுத்தடுத்து அமைந்தால் மட்டுமே இரண்டாவது தப்புகின்றது. அவ்வாறு அமையாத கோப்புறையில் சோதித்தால் நிரல் குறையற்றதாகவே தோன்றும்.

தீர்வு எளியது. தொகுப்பின் மொத்த எண்ணிக்கையில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் குறைத்து, 1 வரை வருதல் வேண்டும். விபிஏவில் 'ஸ்டெப்' என்னும் சொல்லுக்குப்பின் கழித்தல் ஒன்று என எழுதுவது இதற்காகவே. பின்னிருந்து நீக்கும்போதும் மடல்கள் நகர்கின்றன. ஆயினும் நகர்பவை ஏற்கெனவே பார்க்கப்பட்டவை. இனிப் பார்க்கவேண்டியவற்றின் இடம் மாறுவதில்லை.

மேலும் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவதாக, கோப்புறையிடம் 'ஐட்டம்ஸ்' தொகுப்பைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிய தொகுப்பே கிடைக்கின்றது. முன்னர்ச் செய்த வரிசைப்பாடு அதில் இராது. ஆகவே தொகுப்பை ஒரு மாறியில் இருத்திக்கொண்டு பணியாற்றுதல் நன்று. இரண்டாவதாக, 'டெலிட்' கட்டளை பொதுவாக மடலை அழிப்பதில்லை. 'டெலிட்டட் ஐட்டம்ஸ்' கோப்புறைக்கு மாற்றுகின்றது. அங்கிருந்தும் நீக்கினாலன்றிப் பணி முற்றுப்பெறாது.

பிழைச்செய்தி தரும் நிரல் நம்மை எச்சரிக்கின்றது. அமைதியாக முடியும் நிரலோ எஞ்சிய மடல்களை மறைத்துவிடுகின்றது. எனவே நீக்கியபின் அதே நிபந்தனையுடன் மீண்டும் தேடி, எஞ்சியவை சுழியம் என உறுதிசெய்தல் வேண்டும். பிறர் நம்மை நம்பி அனுப்பிய மடல்களுக்கு நாம் ஆற்றவேண்டிய கடமை அது.